மாப்ளையின் காளையும் என் கால்பந்து அணியும்

ஒரு காளையைக் கேலி செய்ததற்காகத்தான் என் வீடியோ கேம்கள் எல்லாம் பூட்டப்பட்டன என்று முழுதாக ஓர் இரவும் பகலும் நம்பியவன் நான். வயது நாற்பத்தெட்டு.

எனக்கும் என் மனைவியின் தம்பியான மாப்ளைக்கும் ஆளுக்கொரு கேம் கன்சோல். இப்போதெல்லாம் டிஸ்க் யார் வாங்குகிறார்கள்? எல்லாம் டவுன்லோடுதான். அவன் கணக்கில் ஒருமுறை வாங்கி இரண்டு வீட்டிலும் ஆடுவோம். அந்த ஏற்பாட்டைச் செய்துகொடுத்த, எங்கள் ஏரியா காளவாசலில் கேம் கடை வைத்திருப்பவர் அன்றைக்கே சொன்னார்: "அண்ணே, கணக்கு அவுக பேர்ல இருக்கு. அவுக நெனச்சா உங்க வீட்ல ஒண்ணும் தெறக்காது. அப்பறம், நெட்டு எப்பவும் இருக்கணும்."

மாப்ள அப்போது வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தான். என் காதில் முதல் பாதி மட்டும் தங்கியது.

அன்றிலிருந்து இரண்டு வருடம் அவன் மொக்கைக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தேன். அவன் சொன்ன உரத்தை மாடிச் செடிகளுக்குப் போட்டேன். செடிகள் செத்தன. "அருமையா வருது மாப்ள" என்றேன். அந்த இரண்டு வருடத்தில்தான் என் கால்பந்து அணியைக் கடைசி இடத்திலிருந்து இறுதியாட்டம் வரை இழுத்து வந்திருந்தேன்.

அலங்காநல்லூரில் ஒரு காதுகுத்து விருந்து. ஜல்லிக்கட்டுக் காளை வளர்க்கும் மாப்ளையிடம் என் வாய் சும்மா இருக்கவில்லை. "உன் காளை வாடிவாசல விட்டு வெளிய வரணும்னா பத்திரிக வச்சு அழைக்கணும் போல." பந்தியே சிரித்தது. அவன் மட்டும் இலையைப் பார்த்து ரசஞ்சோற்றைப் பிசைந்தான்.

மறுநாள் சாயங்காலம் இறுதியாட்டத்துக்கு உட்கார்ந்தேன். எல்லா விளையாட்டின் மேலும் பூட்டுப் படம். உரிமையைச் சரிபார்க்க முடியவில்லையாம். மாப்ளைக்கு ஆறு முறை போன் அடித்தேன். எடுக்கவில்லை.

"எந் தம்பிகிட்ட வாயக் குடுத்தீகள்ல, அனுபவிங்க" என்றாள் மனைவி.

அடுத்த நாள் மத்தியானம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அவன் ஊருக்குப் பஸ் ஏறினேன். தோட்டத்து மோட்டாரடியில் அவன் காளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன மாமா, திடீர்னு? போன வீட்லயே வச்சுட்டுத் திரியுறேன், பாக்கல."

"தெரியாத மாதிரி கேக்காத மாப்ள. நான் பேசுனது தப்புதான். பூட்ட எடுத்துவிட்ரு. ஃபைனல் கெடக்கு."

"என்ன பூட்டு?"

கணக்கு அவன் பேரில் இருப்பதையும், இங்கே உட்கார்ந்தபடியே என் வீட்டில் எல்லாவற்றையும் அவன் மூடிவிடலாம் என்பதையும் விளக்கினேன். மோட்டாரை நிறுத்திவிட்டுக் கவனமாகக் கேட்டுக்கொண்டான்.

"எம்புட்டு விசயம் இருக்கு," என்றான். "ஆனா நீங்க பேசுனது இவனத்தான? இவங்கிட்ட மன்னிப்பு கேளுங்க."

கேட்டேன். காளை பழத்தைத் தின்றுவிட்டு என் சட்டையில் தும்மியது.

அப்போதுதான் மனைவி போனில் கூப்பிட்டாள். பைபாஸ் ரோட்டில் குழி தோண்டியவர்கள் கேபிளை வெட்டிவிட்டார்களாம். முந்தின நாளிலிருந்து எங்கள் தெரு முழுக்கவே நெட் இல்லை. மாப்ள எதையும் பூட்டவில்லை. பூட்ட முடியும் என்பதே அவனுக்கு நான் சொல்லித்தான் தெரியும்.