பச்சைப் பட்டையில் நின்ற என் கார்

கொரட்டூரில் சாலையோரமாகப் பச்சை வண்ணம் அடித்து, அதன்மேல் சைக்கிள் படம் வரைந்தபோது, கார் நிறுத்த இடம் ஒதுக்கிவிட்டார்கள் என்றுதான் நம்பினேன். பச்சை என்றால் அனுமதிதானே? சைக்கிள் படம் சும்மா அழகுக்கு. ஐம்பது வயது மூளை அவ்வளவுதான் ஓடியது.

அன்று காலை அந்தப் பச்சையில் காரை விட்டுவிட்டு வடை வாங்கப் போனேன். திரும்பி வந்தால் காரைச் சுற்றிப் பத்துப் பேர். பக்கத்தில் ஒரு சைக்கிள் கிடந்தது. கம்பெனிச் சீருடையில் ஒரு பெண் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

"எவன்யா இங்க வண்டிய உட்டுட்டுப் போனது? கண்ணாடிய ஒடச்சாதான் வருவான்" என்றார் ஓர் ஆட்டோக்காரர்.

தப்பிக்க நானும் சேர்ந்து கத்தினேன். "அறிவு கெட்டவன். இவனுக்கெல்லாம் எவன் லைசென்சு குடுத்தான்?"

கூட்டம் தலையாட்டியது. என்னை என் அளவுக்குத் திட்ட அங்கே ஆள் இல்லை.

பதற்றத்தில் பாக்கெட்டில் இருந்த சாவியை அழுத்திவிட்டேன் போல. கார் கீக்கீ என்று விளக்கைச் சிமிட்டியது.

"நீதானா அது, அண்ணாத்தே?" என்றார் ஆட்டோக்காரர்.

"வாம்மா, ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிட்டுப் போறேன்" என்று உளறினேன்.

அந்தப் பெண் நிமிர்ந்தார். "உங்க வண்டில நான் ஏற மாட்டேன் சார். மொதல்ல அத எடுங்க."

அவர் அந்த ஆட்டோக்காரரின் ஆட்டோவில் போனார். என் காரைச் சுற்றிப் போக நடுச்சாலைக்கு இறங்கியவரை, பின்னால் வந்த பைக் இடித்திருக்கிறது. வலது மணிக்கட்டு முறிந்துவிட்டதாகச் சாயங்காலம் ஆட்டோக்காரர் சொன்னார்.