சுவர்த்தாளின் பின்பக்கத்தில் ஒரு கோபுரவீடு

பீலெஃபெல்ட்டில் நாங்கள் இருந்த கட்டடத்தின் கீழ்வீட்டில் ஒரு ஜேர்மன் அம்மா தனியாக இருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அவருடைய குடும்பப்பெயர் என் வாயில் நுழையாது. அதனால் முதல் நாளிலிருந்தே அக்கா என்றுதான் கூப்பிட்டேன். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும். குனிந்து நிமிர விடாத நாரி நோவால் உணவகத்துச் சமையலறை வேலையை விட்டுவிட்டு நான் வீட்டில் இருந்த காலம். வேலை இல்லாதவனுக்கு மத்தியானம் நீளம். பனி பெய்கிற மத்தியானம் இன்னும் நீளம்.

ஒருநாள் அக்கா மேலே வந்து கதவைத் தட்டி, ஒரு கோடு கீறித் தர முடியுமா என்று கேட்டார். அவருக்குக் கை நடுக்கம். கீழே போய்ப் பார்த்தால், மேசையில் மிச்சமாய்ப் போன சுவர்த்தாள் சுருள் ஒன்று பின்பக்கம் தெரிய விரித்துக் கிடந்தது. அது முழுக்கப் பெயர்கள். மேலே இருந்தது ஸ்கொட்லாந்தின் ஒரு பிரபு குடும்பம். தடித்த புத்தகம் ஒன்றைப் பார்த்து எழுதியது. கீழே அக்காவின் குடும்பம். தேவாலயப் பதிவேடுகளின் பிரதிகளைப் பார்த்து எழுதியது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் வெறுமை.

அந்த ஒரு சாண்தான் அக்காவின் கவலை. போர்க்காலத்தில், குண்டுக்குப் பயந்து நிலவறையில் இருந்தபோது, அவருடைய தகப்பன் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்வாராம். நாங்கள் ஸ்கொட்லாந்தில் கோபுரம் வைத்த வீட்டுக்காரர், அங்கிருந்து போர்வீரனாக வந்த ஒருவனின் வழி நாங்கள் என்று. பிறகு தகப்பனும் போர்முனைக்குப் போனார். திரும்பி வரவில்லை. அவர் அக்காவுக்கு விட்டுப்போனது அந்தக் கதை ஒன்றைத்தான். டோர்ட்மண்டில் இருந்த தமையனோ அது வெறும் பொய் என்பார். வந்த வீரனின் குடும்பப்பெயர் வேறு, கோபுரவீட்டுக்காரரின் பெயர் வேறு. புத்தகத்தில் அப்படி ஒருவன் இல்லவே இல்லை. வைகாசியில் அக்காவுக்கு எழுபதாவது பிறந்தநாள். தமையன் வருவார். அதற்குள் அப்பா சொன்னது பொய்யா மெய்யா என்று அக்காவுக்குத் தெரிய வேண்டும்.

அன்றிலிருந்து என் மத்தியானங்கள் கீழ்வீட்டில் போயின. அக்கா பெயரைச் சொல்வார், நான் அடிமட்டம் வைத்துக் கோடு கீறுவேன். கல்யாணத்துக்கு இரட்டைக் கோடு, பிள்ளைக்கு ஒற்றைக் கோடு. அவர் பேசியது ஜேர்மன், நான் பேசியது உடைந்த ஜேர்மன். ஆனால் இப்போது நினைத்தால் இரண்டு பேரும் எங்கள் தமிழில் கதைத்தது போலத்தான் காதில் கேட்கிறது. வெளியே பனி சத்தமில்லாமல் விழும். ஹீட்டர் சூட்டில் கண் செருகும். நான் கீறிய கோட்டில் நானே மெதுவாக ஏறிப் போவேன். நனைந்த புல், அசையாமல் நிற்கும் செம்மறிகள், மூடுபனிக்குள் ஒரு கோபுரம், அதன் சின்ன ஜன்னலில் யாரோ நிற்கிற மாதிரி. நான் காணாத நாடு. அங்கே என்னிடம் ஒருவரும் விசா கேட்கவில்லை.

மனைவிக்கு இது பெரிய பகிடி.

"வெள்ளைக்காரியின்ரை கொப்பாட்டனைத் தேடப் போறியளாக்கும். உங்கடை பேத்தியின்ரை பிறந்தநாள் எப்ப? சொல்லுங்கோ பாப்பம்."

"ஆவணியிலை."

"ஐப்பசி! போங்கோ, போய்க் கோட்டைக் கீறுங்கோ."

அவள் சொல்வதும் சரிதான். ஆனால் பரம்பரை தேடுவது அவளுக்கும் தெரிந்த வேலைதான். ஊன்ட்றொப்பில் எங்கள் கோயில் தேருக்குப் போனால், கால்வாய்க் கரையில் முன்பின் தெரியாத ஒரு மனுசியிடம், "நீங்கள் எந்த ஊர்? தாய் எந்தப் பக்கம்?" என்று தொடங்குவாள். தேர் சுற்றி முடித்து இருப்பிடத்துக்குத் திரும்புவதற்குள் இரண்டு பேரும் ஒன்றுவிட்ட சகோதரிகள் ஆகிவிடுவார்கள்.

மாசி முடிகிற நேரம். அந்த வீரனுக்கு இங்கே ஒரு தேவாலயத்தில் கல்யாணம் நடந்தபோது எழுதிய பதிவை அக்கா எனக்கு வாசித்துக் காட்டினார். கோபுரவீட்டில் பிறந்தவன் என்று அதில் இருந்தது.

"பிறந்தது அந்த வீட்டிலை. பேர் மட்டும் வேறை. அதெப்பிடி?" என்றார் அக்கா.

"அது தாயின்ரை வீடாக்கும்," என்றேன்.

"ஏன் அப்பிடிச் சொல்றியள்?"

"தலைப்பிள்ளையைத் தாய்வீட்டிலைதானே பெறுறவை. என்ரை பிறப்புச் சான்றிதழிலையும் அம்மாவின்ரை ஊர்தான் கிடக்கு. பிறகு வீடும் மகளுக்குத்தானே சீதனமாப் போகும்."

அக்கா சிரித்தார். "அது உங்கடை ஊரிலை. அங்கை வீடு மூத்த மகனுக்கு."

"அப்ப மகள்மார் எங்கை போறது?"

"புருசன் வீட்டை."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். உலகம் முழுக்க வீடு பெண்பிள்ளைக்குத்தான் என்று அறுபது வயதுவரை நினைத்திருந்தேன். வெட்கத்தை மறைக்கச் சுவர்த்தாளைக் குனிந்து பார்த்தேன். பிரபு குடும்பத்தில் மகன், மகன், மகன்.

"மகள்மாரின்ரை பேர் ஒண்டையும் காணேல்லையே, அக்கா?"

அக்காவின் சிரிப்பு நின்றது. அவர் எழுதவே இல்லை. வழி ஆண்பிள்ளையால்தான் போகும் என்று மகள்மாரை விட்டுவிட்டார். புத்தகத்தைத் திறந்தோம். மகள்மார் பக்கங்களின் அடியில், பூதக்கண்ணாடி பிடித்துப் பார்க்க வேண்டிய எழுத்தில் இருந்தார்கள். நாலு மத்தியானம் தேடினோம். ஐந்தாம் நாள் அக்காவின் விரல் ஓரிடத்தில் நின்றது. ஒரு மகள், ஒரு கல்யாணம். அந்த மாப்பிள்ளையின் குடும்பப்பெயர்தான் வீரனின் பெயர். அவர்களின் மூத்த மகன் வெளிநாட்டுப் படையில் சேர்ந்தான் என்றும் ஒரு வரி இருந்தது. வருடமும் பொருந்தியது. தலைப்பிள்ளைக்குத் தாய்வீட்டுக்குப் போகும் வழக்கம் அங்கே உண்டோ இல்லையோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்தப் பெண் போயிருக்கிறாள்.

அக்கா அடிமட்டத்தை என் பக்கம் தள்ளினார். பிறகு, "கீறுங்கோ," என்றார்.

வைகாசியில் தமையன் வந்தார். நெடிய மனிதர், கையில் ஊன்றுகோல். கேக் வெட்ட முதலே அக்கா அவரைச் சுவரில் தொங்கவிட்டிருந்த அந்தத் தாளுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். நானும் பக்கத்தில் நின்றேன். அவர் நிதானமாக வாசித்தார்.

"பொம்பிளை வழி. இது கணக்கிலை வராது. நாங்கள் பிரபு வம்சம் இல்லை."

"பிரபு வம்சத்தை ஆர் கேட்டது? அப்பா பொய் சொன்னவரோ, இல்லையோ? அதைச் சொல்லு."

தமையன் தன் பெயரில் விரலை வைத்தார். விரல் தகப்பனுக்கு ஏறியது, தகப்பனின் தகப்பனுக்கு ஏறியது, அந்த ஒரு சாணையும் கடந்தது. ஊற்றி வைத்த கோப்பி ஆறிக்கொண்டிருந்தது.

"இல்லை," என்றார். "அவர் பொய் சொல்லேல்லை."

"இன்னொருக்காச் சொல்லு."

"அவர் பொய் சொல்லேல்லையடி. கடைசியாப் போருக்கு வெளிக்கிடேக்கையும் அதைத்தான் சொன்னவர். நான் அவரைப் பாத்துச் சிரிச்சனான்."

"தெரியும். நானும் பக்கத்திலைதானே நிண்டனான்."

இரண்டு பேரும் சாய்மனையில் போய் இருந்தார்கள். தகப்பன் சப்பாத்து மினுக்குகிறபோது ஏதோ பாட்டு விசிலடிப்பாராம். எந்தப் பாட்டு என்பதில் இரண்டு பேருக்கும் பிணக்கு வந்தது. தமையன் ஒன்றை விசிலடித்தார், அக்கா இல்லையென்று வேறொன்றை முணுமுணுத்தார். நான் சொல்லாமல் வெளியே வந்து மெல்லப் படியேறினேன்.

"என்னப்பா, தேடி முடிஞ்சுதோ?" என்று மனைவி கேட்டாள்.

"ஓம். இப்பதான் தகப்பனைப் பற்றிக் கதைக்கத் துவங்கியிருக்கினம்," என்றேன்.