உராய்வு பூஜ்ஜியம்

என் மேசையில் ஒரு நாடா கிடக்கிறது. தறியில் இடமும் வலமும் ஓடி ஊடை நூலைக் கொண்டுபோகும் மரக்கட்டை. ஒரு முனையின் இரும்புக் கூர் சிதைந்துபோனதால் அப்பா வேலை பார்த்த தறிப்பட்டறையில் தூக்கிப் போட்டுவிட்டார்கள். பார்க்கிறவர்கள் அப்பாவின் நினைவாக வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். இல்லை. பதினொன்றாம் வகுப்பில் எனக்கு இயற்பியல் எடுத்த சாரின் நினைவாக வைத்திருக்கிறேன். அவரை மறந்துவிடக் கூடாது என்பதில் நான் கவனமாக இருக்கிறேன்.

அருப்புக்கோட்டையில் நடக்கவிருந்த அறிவியல் கண்காட்சிக்காக, பாடத்தைக் கம்ப்யூட்டரில் விளையாட்டாகச் செய்துவரச் சொன்னார் சார். மற்றவர்கள் ராக்கெட் விட்டார்கள், பந்து எறிந்தார்கள். நான் இந்த நாடாவை மளிகைக் கடைத் தராசில் எடை போட்டேன். பட்டறையில் தறி ஓடுவதை அப்பாவின் செல்போனில் படம் பிடித்து, மெதுவாக ஓடவிட்டு வேகத்தைக் கணக்கிட்டேன். விளையாடுகிறவர் நாடாவை எவ்வளவு வேகமாக அடிப்பது என்று முடிவு செய்ய வேண்டும். வேகம் குறைந்தால் நாடா நீளவாட்டில் ஓடும் பாவு நூல்களுக்குள் சிக்கி இழைகள் அறுந்துபோகும். கூடினால் எதிர்ப்பக்கத்தில் நாடா வந்து தங்கும் பெட்டியில் மோதித் திரும்பிவிடும். அளவாக அடித்தால் பெட்டிக்குள் இருக்கும் உராய்வில் நாடா நிற்கும், திரையில் துணி ஒரு வரி வளரும். மூன்று மாத உழைப்பு. முதல் திரையில் என் பெயர் இருந்தது. அதை அப்பா விரலால் தொட்டுப் பார்த்தார்.

கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்பு சார் என்னைக் கூப்பிட்டார். எனக்குப் பேச்சு திக்கும். வகுப்பே கேட்கும்படி, "ஒனக்கு வாய் திக்கும்மா. பெரிய மனுசங்க முன்னாடி நின்னா பே பேன்னு முழிப்ப. அவ பேசட்டும்" என்று ஜவுளிக்கடைக்காரர் மகளைக் காட்டினார். பேசுவது அவளாகவே இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் முதல் திரையில் அவள் பெயரும், வழிகாட்டி என்று அவர் பெயரும் ஏறியிருந்தன. என் பெயரைக் காணோம். கேட்டதற்கு, "ஸ்கூலுக்குத்தானம்மா பேரு" என்றார்.

கடைசியாகச் சரிபார்த்துக் கொடுக்கச் சொல்லி பென்டிரைவை என்னிடமே தந்தார். அதுதான் அவர் செய்த தப்பு. பெட்டியின் உராய்வு என்ற இடத்தில் இருந்த எண்ணை அழித்துவிட்டுப் பூஜ்ஜியம் போட்டேன். வேறொன்றையும் தொடவில்லை.

நடுவராக வந்த ஓய்வுபெற்ற பேராசிரியை அளவாகத்தான் அடித்தார். நாடா பெட்டியில் மோதித் திரும்பியது. அந்தப் பக்கம் மோதி மறுபடி வந்தது. நிற்கவே இல்லை. பேச வந்தவள் விழித்தாள். சார் முன்னால் வந்து, "மேடம், இது நியூட்டனோட முதல் விதி. வெளிவிசை இல்லன்னா ஓடுற பொருள் ஓடிக்கிட்டே இருக்கும். அதத்தான் காட்டியிருக்கோம்" என்று முழங்கினார். தறிச் சத்தத்திலேயே வளர்ந்த ஊரில், ஒரு பட்டறைக்குள்ளும் எட்டிப் பார்க்காத மனிதர் அவர். அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். "சார், எங்க வீட்லயும் தறி ஓடுச்சு. நாடா நிக்காட்டி துணி எப்படி நெய்வீக?" என்றார். சுற்றி நின்ற பெற்றோர்களில் பாதிப் பேர் தறிக்காரர்கள். சிரிப்பு அடங்க நேரமானது. எதை மாற்றினால் நிற்கும் என்று அம்மையார் கேட்டார். சார் கூட்டத்தில் என்னைத் தேடிப்பிடித்து, "ஏம்மா, வந்து சொல்லும்மா" என்றார்.

போய் ஒரு எண்ணை மாற்றினால் போதும். நான் நின்ற இடத்திலேயே நின்று, "எ... எனக்கு வாய் தி... திக்கும் சார்" என்றேன். அந்த ஒரு வரியை அவசரப்படாமல் சொன்னேன். அவர் முகம் கருத்ததை இப்போதும் கண்ணை மூடினால் பார்க்கலாம், அடிக்கடி பார்க்கிறேன். ஜவுளிக்கடைக்காரர் மகள் அழுதாள். அதற்கு மட்டும் பிற்பாடு வருந்தினேன். பரிசு யாருக்கும் வரவில்லை. என் பெயரும் எங்கும் வரவில்லை.

இப்போது பள்ளிப் பிள்ளைகளோடு சேர்ந்து இப்படி விளையாட்டுகள் செய்வதுதான் என் பிழைப்பு. போன மாதம் சார் போன் செய்தார். ரிட்டையர் ஆகி வீட்டில் டியூஷன் எடுக்கிறாராம். "அந்தத் தறி வெளையாட்ட அனுப்பும்மா, பேத்திக்குக் காட்டணும்" என்றார். அனுப்பினேன். உராய்வெல்லாம் சரியாகவே இருந்தது. ஒன்றை மட்டும் சேர்த்திருந்தேன். பத்து நிமிடத்தில் மறுபடி கூப்பிட்டார்.

"தொறந்தா ஒரு பேரு கேக்குதேம்மா. எதப் போட?"

"செஞ்சது யாரோ அவுக பேரு சார்."

அங்கே எழுத்துகளைத் தட்டுகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. கையில் நாடாவை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணினேன். என் பெயருக்கு எத்தனை எழுத்தோ அத்தனை.

"அடுத்த தடவ தொறந்தாலும் கேக்குமாம்மா?" என்றார்.

"ஒ... ஒவ்வொரு த... தடவையும் கேக்கும் சார்" என்றேன். சொல்லி முடிக்கும் வரை அவர் காத்திருந்தார்.