நான்கு பேர் ஆட்டத்துக்கு எழுதிய கயிறு விதி

விதி எழுதுவது எனக்கு ஒரு கிறுக்கு. கப்பல் ஏஜென்சி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தேன். எந்தப் படிவத்திலாவது ஒரு கட்டம் காலியாகக் கிடந்தால் எனக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவன் கையில், எழுபதுகளின் நடுவில், ஒரு விளையாட்டுப் புத்தகம் வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தவன் என் நண்பன். துறைமுகத்தில் இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கிற வேலை அவனுக்கு. கப்பலில் இருந்த அவன் அண்ணன் இங்கிலாந்தில் ஏதோ ஒரு துறைமுகத்தில் அதை வாங்கினாராம். சின்ன உலோகப் பொம்மைகளை மேசைமேல் நிறுத்தி, டேப்பால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிப் போர் செய்கிற ஆட்டம். ராஜா, மந்திரவாதி, பூதம், நெருப்பு கக்கும் பறக்கிற பாம்பு எல்லாம் உண்டு. எங்களிடம் பொம்மைக்கு எங்கே போவது? வலையில் கட்டும் ஈயக் குண்டுகளை உருக்கி, களிமண் அச்சில் ஊற்றி நாங்களே வார்த்தோம். என் பூதத்துக்குக் கடைசிவரை மூக்கு வரவில்லை. மலைகளுக்கு உப்பைக் குவித்தோம். எங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்!

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையும் மீன்குழம்பும் முடிந்தபின் நண்பன் வீட்டு மாடியில் கூடுவோம். மில்லர்புரத்து வாத்தியார் ஒருவர், மாப்பிள்ளையூரணியிலிருந்து சைக்கிளில் வருகிற உப்பள மேஸ்திரி ஒருவர், நாங்கள் இருவர். புத்தகமோ இரண்டு பேர் ஆடுவதற்கு மட்டுமே எழுதப்பட்டது. நான்கு பேர் இறங்கினால், மூன்று பேர் சேர்ந்து வாத்தியாரை மொத்துவோம். இல்லாவிட்டால், அடுத்தவன் முதலில் அடிபடட்டும் என்று நால்வரும் சும்மா உட்கார்ந்திருப்போம். ஒருநாள் வாத்தியார் பாதியிலேயே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகுதான் நான் ஒரு நோட்டு வாங்கி, பலர் ஆடுவதற்கான கூடுதல் விதிகளை எழுதத் தொடங்கினேன். யார் முதலில் நகர்த்துவது என்பதற்குச் சீட்டுக் குலுக்கல். முதலில் தோற்றவன் வீட்டுக்குப் போகாமல், பூதப்படையோடு திரும்பி வரலாம். எழுத எழுத எனக்குத் தலைகால் புரியவில்லை.

கூட்டணிக்கான விதி மட்டும் பிடிபடவில்லை. அதைச் சொன்னவன் நண்பன். முத்துக்குளிப்பில் கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றைப் படகில் இருந்து பிடிப்பது அவன் மச்சான்தான். தங்கச்சியின் தாலியை நினைத்தாவது கயிற்றை விடமாட்டான் என்பது எங்கள் ஆட்களின் கணக்கு. முத்துக்குளிப்பு நின்று வருஷங்கள் ஆகியிருந்தாலும் அந்த வழக்கம் எல்லோருக்கும் தெரியும்.

"அதையே வச்சிருல. ரெண்டு பேரு கூட்டு சேந்தா நடுவுல ஒரு நூலப் போட்டுருவோம். ஒருத்தன் ராஜா கோட்டைக்குள்ள மாட்டிக்கிட்டா, மத்தவன் தன் முறைய விட்டுக்குடுத்து அவன வெளிய இழுக்கணும்" என்றான்.

"இழுக்காம விட்டா என்ன தண்டன?"

"அத எதுக்குல எழுதுத? கயித்த யாரு விடுவா?"

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கட்டத்தைக் காலியாக விட்டேன்.

அந்த மாதம்தான் அவனுக்கு என் தங்கையைக் கேட்டு அவனுடைய தாய்மாமன் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவன் தகப்பனாரின் கயிற்றைப் பிடித்தவர் அவர். ஒருமுறை அவசரமாக இழுத்ததில் தோல் உரிந்த தழும்பு இரண்டு உள்ளங்கையிலும் இருந்தது. என் கையை விரித்துப் பார்த்துச் சிரித்தார்.

"மெத்துன்னு இருக்கே. இனிமே நீயில்லா இவன் கயித்தப் பிடிக்கணும்!"

கதவுக்குப் பின்னால் தங்கை சிரித்தது எனக்குக் கேட்டது. அவளுக்கு அவனை ரொம்பப் பிடித்திருந்தது. நிச்சயத்துக்கு நாளும் குறித்தார்கள்.

அதற்கு முந்தின ஞாயிறு, நானும் அவனும் கூட்டு. எங்கள் நடுவில் நூல் கிடந்தது. அவன் ராஜா மேஸ்திரியின் கோட்டைக்குள் மாட்டிக்கொண்டார். என் முறை வந்தது. ஆனால் மேஸ்திரியின் படை மொத்தமும் அந்த ராஜாவைச் சூழ்ந்து நின்றதால், மேஸ்திரியின் கொடிக்குக் காவல் இல்லை. ஒரு முறைக்குக் குதிரை பன்னிரண்டு அங்குலம் போகலாம்; அது கொடியைத் தொட்டுவிட்டால் ஆட்டம் எனக்கு. டேப்பை வைத்து அளந்தேன். சரியாகப் பன்னிரண்டு இருந்தது.

"இழு மச்சான்" என்றான்.

"விட்டா என்ன தண்டனன்னு எழுதலையே மாப்ள!" என்று நூலை எடுத்து அவன் பக்கம் போட்டுவிட்டு, குதிரையை நகர்த்தினேன்.

வாத்தியார் தொடையைத் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. அவன் மட்டும் நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"வெளாட்டுதான். ஆனா நீ கொஞ்சங்கூட யோசிக்கலையேல" என்றான்.

புதன்கிழமை அவன் தாய்மாமன் மறுபடி வந்தார். பையனுக்குக் கப்பலில் வேலை கிடைத்துவிட்டது, கல்யாணம் இப்போது வேண்டாம் என்கிறான் என்று அப்பாவிடம் சொன்னார். இந்தமுறை அவர் என் கையைப் பார்க்கவில்லை.

"ஏலே, என்னல நடந்துச்சு? ஒனக்குத் தெரியாமலா இருக்கும்?" என்று அப்பா கத்தினார். தெரியாது என்றேன். ஈயப் பொம்மையால் நின்றுபோன கல்யாணம் என்று எப்படிச் சொல்வது? பொம்மையால் அல்ல, என்னால்தான் என்பது அப்போதே எனக்குத் தெரியும். அவன் வீடு பத்து நிமிட நடை. போய்த் தப்புதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இதற்கெல்லாமா ஒருத்தன் முறுக்கிக்கொள்வான் என்று வீம்பாக இருந்தேன். அவன் கப்பலேறிப் போய்விட்டான். தங்கை நிச்சயத்துக்கு எடுத்த சேலையை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தாள்.

அடுத்த வருஷம் அவளைப் பெரியதாழையில் கட்டிக்கொடுத்தோம். நல்ல மனிதர்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. பல வருஷம் கழித்து, ஒரு கிறிஸ்துமஸுக்கு வந்தவள் அலமாரியைத் துடைக்கும்போது அந்த நோட்டை எடுத்தாள். கயிறு விதி இருந்த பக்கத்தைப் படித்துவிட்டு, இது என்னவென்று கேட்டாள். அன்றைக்குத்தான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நூலை எடுத்துப் போட்டதையும், அப்பாவிடம் பொய் சொன்னதையும், பத்து நிமிடம் நடக்காமல் இருந்ததையும் சொன்னேன்.

அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நோட்டை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"அந்த ஆட்டத்துல நீ ஜெயிச்சியாண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

"ஜெயிச்சேன்" என்றேன்.