பதினொரு உல்லாசப் படகுகள்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சுங்க வரிப் புத்தகத்தை வாசிக்க எனக்குக் கற்றுத்தந்தவை காவலரண்கள்தான்.

சண்டைக் காலத்தில் மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை இராணுவத்தின் கையிலும், மேற்கே படுவான்கரை இயக்கத்தின் கையிலும் இருந்தன. நடுவில் துறை. துறையடியில் ஒரு பலகை. அக்கரைக்கு எவை போகக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். சீமெந்து, உரம், இரும்புக் கம்பி, டோர்ச் பற்றரி என்று பட்டியல் நீளும். மாதத்துக்கு மாதம் மாறும். சைக்கிளில் சாமான் கட்டிக்கொண்டு திரிந்த நான் அதை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஒருநாள் என்னிடம் நாலு டோர்ச் பற்றரியும் நாலு சுவர் மணிக்கூடும் இருந்தன. பற்றரிகளைப் பறித்துக்கொண்ட சிப்பாய் மணிக்கூடுகளை விட்டுவிட்டான். ஒவ்வொரு மணிக்கூட்டுக்குள்ளும் ஒரு பற்றரி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதைக் காட்டிக் கேட்டதற்கு, "அது மணிக்கூடு. போ" என்றான். பற்றரி மணிக்கூட்டுக்குள் போய்விட்டால் அது மணிக்கூடு. பிறகு கொழும்பில் வரிப் புத்தகத்தைப் பார்த்தபோது பெரியவர்களும் இதையேதான் நீட்டி எழுதியிருந்தார்கள்.

இந்தக் கதையைக் காத்தான்குடியில் ஒரு தேநீர்க் கடையில் சொல்லிச் சிரித்ததைக் கேட்டுத்தான் ஹாஜியார் என்னை வேலைக்கு எடுத்தார். துபாயிலிருந்து துணி இறக்குகிறவர். கொழும்புத் துறைமுகத்தில் அவருடைய சாமானை மீட்டுத் தரும் முகவர் ஒருவர் இருந்தார். அவருக்கும் ஹாஜியாருக்கும் நடுவே கடிதாசிகளோடு பஸ்ஸில் போய்வருவது என் வேலை. எந்த வேலையிலும் ஆறு மாதத்துக்கு மேல் நிற்காத எனக்கு, பஸ்ஸிலேயே இருக்கும் வேலை பொருந்திப்போயிற்று.

சுனாமியில் கடல் வந்த அன்று நான் சித்தாண்டியில் ஒரு நெல்மூட்டை விஷயமாக நின்றேன். கல்லடிப் பக்கம் நான் வாடகைக்கு இருந்த அறை என் தகரப் பெட்டியோடு போய்விட்டது. அதில் உடுத்துகிற இரண்டு சாரமும் ஒரு ரேடியோவும் இருந்தன. எனக்குப் பக்கத்தில் கடலுக்கும் வாவிக்கும் இடையே பன்னிரண்டு வீட்டு மீன்பிடிகாரர்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் போனது நிறைய. அவர்களுடைய சங்கத்துக்குத் தலைவி, நான் மாமி என்று கூப்பிடுகிற ஒரு பெண். அவருக்குப் போனவை வீடு, இரண்டு தோணி, புருசனுடைய தமையன். அவ்வளவையும் ஒரு தரம் சொன்னார், பிறகு சொல்லவில்லை.

அந்த ஊரிலிருந்து சுவிசுக்குப் போன பிள்ளைகள் காசு சேர்த்து பன்னிரண்டு ஃபைபர் படகு வாங்கினார்கள். முதலாவது படகு நிவாரணச் சாமான்களோடு, யாரும் எதையும் கேட்காத அந்த முதல் கிழமைகளில், நேராக ஊருக்கு வந்து சேர்ந்தது. மற்றப் பதினொன்றும் கொழும்புக்கு வரும்போது நிவாரணத்துக்குக் கொடுத்த சலுகைத் தவணை முடிந்துவிட்டது. ஆகவே ஊரில் ஒரு படகு, பன்னிரண்டு வீடு. பன்னிரண்டு நாளைக்கு ஒரு தரம்தான் ஒரு வீட்டுக்கு முறை வரும். முறை நாளில் காற்றடித்தால் அடுத்த பன்னிரண்டு நாள் காத்திருக்க வேண்டும். மழை தொடங்கி, வாவி கடலில் சேருகிற முகத்துவாரத்து மணலை வெட்டினால் வாவியில் இறால் ஓடும். அதற்குள் மிச்சப் படகுகள் வரவேண்டும். அந்த இறாலை வாங்கப்போகிறவர் ஹாஜியார்தான் என்பதால், "தம்பி, அந்தப் புள்ளையள்ட படகு வேலையையும் சேத்துப் பாருங்க" என்றார்.

சுங்கத்தில் எங்கள் கடிதாசி வந்து சேர்ந்த அதிகாரி மெலிந்த மனிதர். காதில் பென்சில். சிங்களவர், எப்போதோ திருகோணமலையில் வேலை செய்தபோது பழகிய தமிழ், அதில் தம்பி மட்டும் 'மல்லி'. கொள்கலனைத் திறந்து முதல் படகைச் சுற்றிச் சுற்றி நடந்தார். நீல மெத்தை வைத்த இருக்கை. கோப்பை வைக்க வட்டக் குழி. குடை நட ஒரு துளை.

"மல்லி, இது மீன்பிடி படகு இல்ல. ஜொலியா போற படகு."

"சேர், ஊரில மீன் பிடிக்கத்தான்..."

"ஊரில என்ன செய்றது எண்டு புத்தகம் கேக்காது. வரக்குள்ள என்ன மாதிரி இருக்கு? அதுதான் கேக்கும்."

மீன்பிடிப் படகு என்றால் வரி இல்லாத மாதிரித்தான். உல்லாசப் படகு என்றால் பன்னிரண்டு வீட்டிலும் மிஞ்சியதை விற்றாலும் காணாது. கட்டாமல் விட்டால் நாள் கடந்து ஏலப் பட்டியலில் ஏறும். நான் மணிக்கூட்டுக் கதையைச் சொன்னேன். மீன்பிடிப் படகுக்குள் மெத்தை இருந்தால் அந்த மெத்தையும் மீன்பிடிப் படகுதானே?

அவர் சிரித்தார். "நல்ல கதை. ஆனா முதல்ல மணிக்கூடு எண்டு காட்டு."

பிறகு மனம் இளகி, ஊரில் இருக்கும் முதலாவது படகில் ஆட்கள் தொழில் செய்கிறதைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். நான் ஹாஜியாரின் கடைக்குப் போன் செய்து செய்தி சொன்னேன். ஒரு கிழமையில் உறை வந்தது. உள்ளே பார்க்காமலே கொண்டுபோய் மேசையில் வைத்தேன். அது என் பிழை.

படத்தில் படகுக்கு இரண்டு பக்கமும் குருத்தோலைத் தோரணம். முன்னணியத்தில் நிறைகுடம், குத்துவிளக்கு. ஆண்கள் வெள்ளை வேட்டி, மேல்சட்டை. ஒருவர் கோட் போட்டிருந்தார். பெண்கள் கூறைச்சேலை. நடுவில் மாமி, நீல மெத்தைமேல், கழுத்தில் மாலை. வலையின் ஒரு நூல்கூட இல்லை. வட்டக் குழிகள் ஒவ்வொன்றிலும் ஒரு சோடாப் போத்தல் நின்றது.

அதிகாரி வெகுநேரம் பார்த்தார். "கலியாணம் யாருக்கு?"

பக்கத்து மேசைக்காரர்களும் எழுந்து வந்து பார்த்தார்கள். ஒருவர் பொம்பிளை யார் என்று கேட்டார்.

அன்று பின்னேரம் போனில் மாமியைப் பிடித்தேன்.

"மாமி, என்ன வேலை செஞ்சிருக்கிறீங்க? தொழில் செய்றதையெல்லோ எடுக்கச் சொன்னன்!"

"படம் எண்டா நாலு பேர் பாக்கிறது. கொழும்புக்குப் போற படத்துக்கு ஊத்தைச் சாரத்தோட நிக்கச் சொல்றியா, மனே?"

"வலை எங்க?"

"படக்காரப் பொடியன்தான் குப்பையெல்லாம் அங்கால எடுங்க எண்டான்."

"சோடாப் போத்தல்?"

"அந்தக் குழி சும்மா இரிக்குது எண்டு வெச்சம். வடிவா இல்லையா?"

வடிவாகத்தான் இருந்தது. அதுதான் சிக்கல். எங்கள் பக்கத்தில் படம் என்றால் குளித்துத் தலை இழுத்து நிற்கிற காரியம். சீவியத்தில் எடுபடுவது நாலைந்து படம். அதில் மீன் செதிளோடு நிற்க யாருக்கு மனம் வரும்? இதை அதிகாரிக்கு விளங்கப்படுத்தி, இன்னொரு படம் எடுத்துத் தருகிறேன் என்றேன்.

"வேணாம். இனி வலையோட எடுத்தா அதுவும் வேசம் எண்டுதான் நினைப்பன். ஊர்ல இருந்து ஆள் வரட்டும்."

மாமி வந்தார். கையில் ஒரு பை, தலையில் உரச்சாக்கில் கட்டிய ஒரு பொதி. மட்டக்களப்பிலிருந்து கொழும்பு வரைக்கும் அப்போது எத்தனை காவலரண் என்று எண்ண முடியாது. ஒவ்வொன்றிலும் இறங்கி, பொதியை அவிழ்த்து, கட்டி, மறுபடி ஏற வேண்டும். மாமியின் பொதியை மட்டும் எந்த இடத்திலும் முழுக்க அவிழ்க்கவில்லை. முடிச்சுத் தளர்ந்ததும் சிப்பாய்மார் மூக்கைப் பொத்திக்கொண்டு "யண்ட, யண்ட" என்று போகச் சொல்லிவிட்டார்கள். பஸ்ஸில் மாமிக்குப் பக்கத்துச் சீற் கடைசிவரை காலியாகவே வந்ததாம்.

அதிகாரியின் மேசைமேல் அந்தப் பொதியை வைத்து அவிழ்த்தார். முதலாவது படகின் நீல மெத்தை. நீலம் எங்கே என்று தேட வேண்டும். செதிள் காய்ந்து ஒட்டி, இறால் மீசை தையலுக்குள் ஏறி, ஆறு மாதத்து வாவியும் அதில் குடியிருந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் இந்த முறை எழுந்து வெளியே போனார்கள்.

"சேர், இது ஜொலிக்குப் போன மெத்தையா?"

அதிகாரி கைலேஞ்சியை எடுத்து மூக்கைப் பொத்தினார். "இல்ல, அம்மே. ஆனா இது உங்கட ஊர்ல இருந்த மெத்தை. நான் பாக்க வேண்டியது இங்க வந்திருக்கிற படகு."

"அப்ப மறுகா என்ன? அதையே பாப்பம், வாங்க."

துறைமுக முற்றத்தில் மாமி செருப்பைக் கழற்றிவிட்டுப் படகில் ஏறினார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தார். வலை இழுக்கிற மாதிரிக் குனிந்து கையைப் போட்டுக் காட்டினார்.

"இஞ்ச பாருங்க சேர். விளிம்பு பதிவு, உயரமில்ல. இப்பிடி இழுத்தா வலை தானா உள்ள வரும். அடி தட்டை. முழங்கால் தண்ணிலயும் போகும். கடலுக்குப் போற வள்ளம் இப்பிடி இராது. மறுகா, இது என்ன?"

இருக்கை மெத்தையைத் தூக்கினார். கீழே பலகை. பலகையைத் தூக்கினார். கீழே ஒரு பெட்டி. அதன் அடியில் தக்கை வைத்து அடைத்த ஒரு துளை, படகுக்கு வெளியே போனது. ஒவ்வொரு படகிலும் அது இருந்தது. நானும் பலமுறை ஏறி இறங்கியிருக்கிறேன், கண்ணில் படவில்லை. மெத்தையைப் பார்த்துப் பயந்தவன் அதைத் தூக்கிப் பார்க்கவில்லை.

"தண்ணி விட்டு மீனை உசிரோட வைக்கிற பெட்டி. காத்து வாங்கப் போறவனுக்கு மீன் போடப் பெட்டி எதுக்கு சேர்?"

அதிகாரி முழங்கையில் சட்டையைச் சுருட்டிக்கொண்டு பெட்டிக்குள் கையை விட்டுத் துளையைத் தேடினார். விரல் மறுபக்கம் வந்தது. காதிலிருந்த பென்சிலை எடுத்தார்.

"ஆ. இது கேள்விதான்."

அந்தக் கேள்வியை அவர் எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். பதிலுக்குச் சில கிழமைகள். பதிலோடு நிபந்தனைகள்: படகுகள் மீன்பிடித் திணைக்களத்தில் பதிந்து இலக்கம் எழுதப்பட வேண்டும், விற்கக்கூடாது, வாடகைக்கு விடக்கூடாது, உல்லாசத்துக்கு ஓட்டக்கூடாது, எந்த நேரமும் அதிகாரி வந்து பார்க்கலாம், மீறினால் முழு வரி, இல்லாவிட்டால் படகு பறிமுதல். மாமி அதை என்னை மூன்று தரம் வாசிக்க வைத்தார். மூன்றாம் தரம், "உல்லாசம் எண்டா என்னென்ன?" என்று கேட்டார். புத்தகத்தில் அதற்கு விளக்கம் இல்லை என்றேன். யோசித்துவிட்டுக் கையெழுத்து வைத்தார். அத்தனை நாளுக்கும் ஏறிய கிட்டங்கி வாடகையை ஹாஜியார் கட்டினார், எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

முகத்துவாரம் வெட்டுவதற்கு நாலு நாள் முன்னால் பதினொரு படகும் லொறிகளில் வந்தன. என்ஜின் மட்டும் வரவில்லை. குறிப்பிட்ட குதிரைவலுவுக்கு மேற்பட்ட என்ஜினுக்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும். அதை எங்களுக்குத் தர யாருக்கும் துணிவில்லை. கம்பு ஊன்றியே, மறுபடி மூண்ட சண்டை முடியும்வரை தொழில் செய்தார்கள். இடையில் ஷெல் அடித்து அந்தப் பதினொன்றில் ஒரு படகு போயிற்று. அதற்கும் திணைக்களத்துக்கு ஒரு படிவம் நிரப்பினோம்.

சண்டை முடிந்த கையோடு என்ஜினுக்கு விண்ணப்பித்தோம். கொழும்பிலிருந்து பதில் வந்தது: முதலில் படகுகளைப் பார்க்க ஆள் வருவார். யார் என்று பார்த்தால் அதே பென்சில்காரர். நான் முதல்நாளே மாமியிடம் ஓடினேன்.

"மாமி, தோரணம் கட்டக் கூடாது. வேட்டி கட்டக் கூடாது. எப்பவும்போல நில்லுங்க. வலை கட்டாயம் இருக்கோணும்."

"ஓம் மனே, ஓம். எனக்கு விளங்காதா?"

மறுநாள் அதிகாரியோடு கரைக்குப் போனேன். தோரணம் இல்லை. வேட்டி இல்லை. வலைகள் இருந்தன, கழுவி, காய வைத்து, சேலை மடிக்கிற மாதிரி மடித்து அடுக்கப்பட்டிருந்தன. சுங்கக் கணக்கில் இருந்த பத்துப் படகும் ஒரே வரிசை. ஒவ்வொன்றும் பளபளவென்று மின்னியது. காற்று வாவிப் பக்கமிருந்து வீச, சவர்க்காரத்தூள் வாசம் கமகமவென்று வந்தது. மீன் வாடை மருந்துக்கும் இல்லை.

"மாமி, என்ன இது?"

"பெரிய மனுசன் அவ்வளவு தூரத்தில இரிந்து வாறார். நாத்தத்தோடயா நிக்கிறது? போன முறை அவர் மூக்கைப் பொத்தினதை நான் மறக்கயில்ல."

அதிகாரி வரிசையின் ஒரு முனையில் தொடங்கினார். படகு படகாக நடந்தார். ஐந்தாவது படகில் நின்று, வட்டக் குழிக்குள் சுண்டுவிரலை விட்டுச் சுரண்டினார். நகத்தில் ஒரு செதிள் வந்தது. வெயிலில் பிடித்துப் பார்த்தார். பக்கத்துப் படகிலும் சுரண்டினார். அங்கும் வந்தது. பத்துப் படகிலும் சுரண்டி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மல்லி, எத்தனை பெட்டி சவர்க்காரத்தூள்?"

நான் மாமியைப் பார்த்தேன். "ஹாஜியார்ர கடையில ஒரு பெட்டி, மறுகா ரெண்டு" என்றார் மாமி.

"ஜொலிப் படகு கழுவ மூணு பெட்டி தேவையில்ல" என்று பென்சிலை எடுத்து, பத்தும் மீன்பிடிப் படகுதான் என்று எழுதினார்.

எழுதி முடிந்ததும் மாமி ஒரு பொதி இறாலை நீட்டினார். வாங்கக் கூடாது என்று அதிகாரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். மாமி விடவில்லை, அவர் ஜீப்புக்குப் பின்வாங்கப் பின்வாங்க இவரும் கூடவே நடந்தார். "இதையும் புத்தகத்தில எழுதியா வெச்சிருக்கிறாங்க?" என்று என்னிடம் கேட்டார். ஓம், அதுவும் எழுதியிருக்கிறது என்றேன். "நல்ல புத்தகம்" என்று பொதியை என் கையில் திணித்துவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு படகுகளைத் தண்ணீருக்குத் தள்ளப் போனார். இந்தப் பார்வையிடலில் அன்றைய பகல் தொழில் முழுவதும் போயிருந்தது. ஜீப் பாலத்தடிக்குப் போவதற்குள் அந்தச் சவர்க்கார வாசம் கரையில் இல்லை.