வீரலட்சுமியின் சிவப்புக் கொடி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் விருதுநகருக்கும் சாத்தூருக்கும் நடுவே என் கிடங்குக் கல் விழாத ரோடு ஒன்று காட்டுங்கள், பார்ப்போம். சம்மட்டி பிடித்த இந்தக் கைதான் பிறகு மூன்று கல்கிடங்குகளுக்கு, அதாவது குவாரிகளுக்கு, முதலாளியாகக் கையெழுத்துப் போட்டது. என் கதை பெரிது. இப்போது வீரலட்சுமியைப் பற்றிச் சொல்கிறேன். நான் உயிரோடு உட்கார்ந்து எழுதுவதே அவளால்தான்.

என் பெரிய கிடங்கில் பதினெட்டு வருஷம் சிவப்புக் கொடி பிடித்தவள் அவள். பாறைக்கு வேட்டு வைக்கும்போது கொடியைக் காட்டி ஆட்களை ரோட்டிலேயே நிறுத்த வேண்டும். அதோடு அவள் காதால் எண்ணுவாள். பதினாலு குழியில் வெடிமருந்து வைத்தால் பதினாலு சத்தம் கேட்க வேண்டும். கேட்டபின் அவளே முதலில் இறங்கி, அடியில் நின்று கொடியைக் கம்பில் சுருட்டுவாள். அதன்பிறகுதான் அடுத்தவர் கால் வைக்கலாம்.

ஒருநாள் பதிமூன்றுதான் வெடித்தது. லாரி காத்து நிற்கிறதே என்று நான் இறங்கப் போனேன்.

"ஒண்ணு பாக்கி இருக்கு அண்ணாச்சி."

"எனக்கு எண்ணத் தெரியாதாக்கும்? தள்ளு!"

"தெரிஞ்சா நில்லுங்க. தெரியலைன்னாலும் நில்லுங்க."

கொடிக்கம்பைக் குறுக்கே நீட்டினாள். நான் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் பதினாலாவது வெடித்தது. இதை இன்றுவரை நான் வெளியே சொன்னதில்லை.

இரண்டாயிரத்து ஒன்றில் அந்தக் கிடங்கில் வேலை நின்றது. பள்ளத்தில் மழைத்தண்ணீர் தேங்கியது. வீரலட்சுமி காவலுக்கு என்று பழைய ஷெட்டிலேயே தங்கிவிட்டாள். கல்லுடைத்த கழிவுமேட்டில் வேம்பும் புங்கையும் நட்டு, குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினாள். ஆறு வருஷத்தில் மேடு பச்சையாகிவிட்டது. கொக்கும் நாரையும் வந்து இறங்கின.

அப்போதுதான் குப்பை கொட்ட அந்தப் பள்ளத்தைக் கேட்டு ஒரு கம்பெனிக்காரர் வந்தார். பிள்ளைகள் விழுந்துவிடும் என்று பயந்த ஊரும் மூடச் சொன்னது. நானும் தலையாட்டிவிட்டேன். வீரலட்சுமி அழவில்லை, கெஞ்சவில்லை.

"ஊரு ஒருக்கா இறங்கி வந்து பாக்கட்டும் அண்ணாச்சி. பாத்துட்டும் மூடுங்கன்னு சொன்னா நான் போயிடுதேன்."

"சரி, பாக்கட்டும்" என்றேன். நான் கொடுத்த வாக்கு மாறாதவன்.

அதற்குத் தோதாக, சிவகாசி அச்சாபீஸ் குடும்பத்துப் பெண் பிரீத்திகா வந்து சேர்ந்தாள். சென்னையில் ஓவியம் படித்தவள். ஐந்து ஓவியர்களோடு ஒரு மாதம் பள்ளத்தோரமே தங்கி, பாறையையும் பறவையையும் வரையப் போகிறோம் என்றாள். இந்த ஜில்லாவில் ஓவியருக்கு இடம் கொடுத்த கிடங்கு முதலாளி வேறு யார் இருக்கிறார்? கொடுத்தேன். வீரலட்சுமி அவர்களுக்குக் கேப்பைக்களி கிண்டிப் போட்டாள். பாறைச் சுவரில் பழைய வேட்டுக்குழிகள் பாதிக் குழாய்போலக் கோடு கோடாய் நிற்கும். அவற்றின்மேல் தாளை ஒட்டிக் கரியால் தேய்த்து, குழியின் அச்சைப் படமாக எடுத்தார்கள்.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. பள்ளத்துக்குள் தண்ணீரோரம் வைத்த படங்களைப் பார்க்க ஊரையே அழைத்திருந்தோம். வீரலட்சுமி காலையிலேயே இருக்கன்குடி மாரியம்மனிடம் வேண்டிக்கொள்ளப் போய்விட்டாள். அவள் திரும்பி வந்ததும் மகிழட்டும் என்று, அவளுடைய கொடியின் ஞாபகமாகப் பிரீத்திகா பள்ளத்தைச் சுற்றிக் கம்பு நட்டு நாற்பது சிவப்புத் துணிகளைக் கட்டிவிட்டாள்.

நாலு மணிக்கு நான் காரில் போனேன். சிவப்பைக் கண்டதும் என் காலே பிரேக்கை மிதித்தது. ரோட்டில் ஊரே நின்றது. ஒருவர்கூட உள்ளே போகவில்லை.

"வேட்டு ஒண்ணும் இல்லைங்க, வாங்க!" என்று பிரீத்திகா கூப்பிட்டாள்.

"சத்தமே கேக்கலையே தாயி" என்றார் பழைய கல்லுடைப்பாளி கருத்தப்பாண்டி. "நாப்பது கொடின்னா எம்புட்டு மருந்தோ! நீ மொதல்ல வெளிய வா."

சிலர் வீட்டுக்குத் திரும்பத் தொடங்கினார்கள். பிரீத்திகா அழுதுகொண்டே துணிகளை அவிழ்க்கப் போனாள். அந்நேரம் நெற்றி நிறையத் திருநீறோடு வீரலட்சுமி பஸ்ஸிலிருந்து இறங்கினாள். ஒரே பார்வையில் அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"அவுக்காதம்மா. நல்லாத்தான் கட்டியிருக்க. யாரைக் கேட்டுக் கட்டுன?"

சிரித்துக்கொண்டே ஒரு துணியை மட்டும் கம்போடு உருவினாள். தனியாக இறங்கி, தண்ணீரோரம் நின்று, அதைக் கம்பில் சுருட்டினாள். பழைய குரல் பாறையில் மோதி வந்தது.

"எல்லாம் முடிஞ்சது! இறங்கி வாங்க!"

முதலில் இறங்கியவன் நான்தான். எனக்குப் பின்னால் ஊர் இறங்கியது. கருத்தப்பாண்டி ஒரு படத்தின்முன் நின்று, "ஏலே, இந்தச் சாய்ஞ்ச குழி நான் போட்டதுலே!" என்று கத்தினார். பிறகு ஆளாளுக்குத் தங்கள் குழியைத் தேடினார்கள். பெண்கள் புங்கை நிழலில் உட்கார்ந்து நாரையைப் பார்த்தார்கள்.

"மூடிறலாமா?" என்று நான் சத்தமாகக் கேட்டேன்.

"வேலி போடுங்க, போதும்" என்றாள் கைப்பிள்ளைக்காரி ஒருத்தி. மற்றவர்கள் ஆமாம் போட்டார்கள். அங்கேயே நின்று கம்பெனிக்காரருக்குப் போன் போட்டு, பள்ளம் கிடையாது என்று சொன்னேன்.

வேலியை என் மேற்பார்வையில்தான் போட்டேன். இன்றுவரை ஒரு தூண் அசையவில்லை. மறுவருஷம் வேறு ஆறு ஓவியர்கள் வந்தார்கள். வாசலிலேயே அவர்களை மறித்து வீரலட்சுமி சொன்னாள்: "மஞ்சளைக் கட்டுங்க, பச்சையைக் கட்டுங்க. சிவப்பு மட்டும் எங்கிட்ட கேட்டுட்டுக் கட்டுங்க."