பழைய நேரத்தில் பிறந்த பிள்ளை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கணித ஆசிரியை. பேய், செய்வினை, நல்ல நேரம், கெட்ட நேரம் ஒன்றும் என் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. என் கல்யாணத்துக்குக்கூடச் சாதகம் பார்க்க விடவில்லை, அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான். ஆகவே இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தால் நான் கோபிக்க மாட்டேன், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

அப்போது நாங்கள் வவுனியா, குருமண்காட்டில் இருந்தோம். இரண்டாயிரத்தோராம் ஆண்டு. என் கணவர் மன்னாரில் வேலை, வெள்ளி பின்னேரம் வந்து ஞாயிறு திரும்பிவிடுவார், மற்ற நாளெல்லாம் வீட்டில் நான் தனிதான். கொழும்பிலிருந்து ஒரு பழைய கணினி வாங்கி லொறியில் ஏற்றி வந்தோம். எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவிலேயே, முதல் கணினி அதுதான். எல்லாம் நன்றாக வேலை செய்தது, நேரம் மட்டும் சரியாக நிற்கவில்லை. உள்ளே இருந்த சின்னப் பற்றரி பலவீனமாம், ஒவ்வொரு நாளும் போட்டதும் ஏதோ ஒரு நேரத்தைக் காட்டும். கணக்குச் சொல்லித் தருகிறவளின் மேசையில் பிழையான மணிக்கூடு இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு சஞ்சிகையோடு வந்த இறுவட்டில் ஒரு சின்னச் செயலி கிடைத்தது. தொலைபேசிக் கம்பி வழியாக இணையத்துக்குப் போய், வெளிநாட்டில் இருக்கும் சரியான மணிக்கூடு ஒன்றைக் கேட்டு வந்து, கணினியின் நேரத்தை அதோடு ஒத்துப்போகத் திருத்திவிடும். சொல்லித்தர ஊரில் ஒருவரும் இல்லை. நானாகவே இருந்து, பிழைவிட்டு, திரும்பச் செய்து, கடைசியில் சரிக்கட்டினேன். நேர வலயம் என்று ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும், நான் டாக்காவைத் தெரிவு செய்தேன், எங்கள் நேரமும் அவர்களின் நேரமும் அப்போது ஒன்று. அதில் ஒரு கதை இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்பு அரசாங்கம் நாட்டின் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியது, வவுனியா நகரம் அந்தப் புது நேரத்துக்கு மாறியது, ஆனால் ஓமந்தைக்கு அப்பால் இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி முழுக்கப் பழைய நேரத்திலேயே இருந்தது. ஒரே றோட்டில் இரண்டு நேரம். எங்களுக்கு நான்கு மணி என்றால் அங்கே மூன்றரை.

அந்தப் பக்கத்தில், கண்டாவளையில், என் தங்கை வதனா மருத்துவிச்சியாக இருந்தாள். சண்டைக்குள்ளும் வெள்ளத்துக்குள்ளும் சைக்கிளில் போய்ப் பிள்ளை பிறப்பிக்கிறவள். வவுனியாவுக்கு வந்துவிடு என்று எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன், அவள் அசையவில்லை. அவளைப் பற்றிச் சொல்ல வெளிக்கிட்டால் நான் நிறுத்த மாட்டேன், ஆகவே இதோடு விடுகிறேன். பாதை பூட்டி, அவளைக் கண்டு வருடக்கணக்காகியிருந்தது.

செயலி ஒழுங்காக ஓடத் தொடங்கிய பிறகு எனக்குத் தலைகால் புரியவில்லை என்று சொன்னால் மிகையில்லை. பக்கத்து வீட்டு மனோன்மணி அக்கா தன் கைக்கடிகாரத்தைக் கொண்டுவந்து என் திரையைப் பார்த்துத் திருத்திக்கொண்டு போவா. சந்தியில் கடை வைத்திருந்தவர்கூட ஆளனுப்பி நேரம் கேட்டார். றேடியோவை விட என் வீட்டு நேரத்தைத்தான் ஒழுங்கை நம்பியது.

இனித்தான் விஷயம். மார்கழி மழை, பாடசாலை விடுமுறை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்து எழும்பி, வழக்கம்போலக் கணினியைப் போட்டு இணைப்பை எடுத்தேன். மோடம் எண்களைச் சுழற்றி, பிறகு அந்தக் கீச்சுச் சத்தம் வரவேண்டும், உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். தொடங்கியது, பாதியில் நின்றது. நின்றது என்றால் அறுந்த மாதிரி இல்லை, கிணற்றுக்குள் தலையை நீட்டினால் ஒரு அமைதி கேட்குமே, அது மாதிரி. வெளியே கொட்டிய மழைகூடத் தூரத்துக்குப் போய்விட்டது.

திரையின் மூலையைப் பார்த்தேன். மூன்று இருபத்தைந்து. சுவர் மணிக்கூட்டில் நான்காக ஐந்து நிமிடம் இருந்தது. சரியாக அரை மணி பின்னால், பழைய நேரம். நான் எதையும் தொடவில்லை. அமைப்புக்குள் போய்ப் பார்த்தேன், டாக்கா டாக்காவாகவே இருந்தது. செயலியைத் திரும்ப ஓடவிட்டேன், நேரம் சரி, திருத்த ஒன்றுமில்லை என்றது. கணினி தனக்குத் தெரிந்ததில் உறுதியாக இருந்தது, நான்தான் பிழை என்ற மாதிரி.

நம்பினால் நம்புங்கள், அந்த நேரம் மோடத்துக்குள்ளிருந்து வதனாவின் குரல் வந்தது.

“அக்கா, என்ன நேரம்?”

பதறிய குரல் இல்லை. வேலை முடித்துக் களைத்தவள் கேட்கிற மாதிரி, குசினிக்குள் நிற்கும் என்னிடம் அறையிலிருந்து கேட்கிற மாதிரி. நான் யோசிக்கவே இல்லை. கேட்டால் சொல்வதுதானே, கண்முன் இருந்ததை வாசித்தேன்.

“மூண்டு இருபத்தேழு.”

“திருப்பிச் சொல்லக்கா.”

திருப்பிச் சொன்னேன். அவ்வளவுதான். மழைச் சத்தம் ஓவென்று திரும்பி வந்தது, திரையில் நேரம் சுவரோடு ஒத்துப்போய் நின்றது. தொலைபேசியைத் தூக்கிக் காதில் வைத்தேன், ஒரு சத்தமும் இல்லை. மனோன்மணி அக்கா வீட்டுக்கு ஓடினேன். மத்தியானத்திலிருந்து ஒழுங்கை முழுக்கத் தொலைபேசி செத்துப்போய்க் கிடக்கிறதாம், எங்கோ மரம் விழுந்து கம்பி அறுந்துவிட்டதாம். அப்படியென்றால் என் கணினி எந்தக் கம்பியால் எங்கே போனது?

நடந்ததை அவாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. தூரத்தில் இருக்கிறவர்கள் அப்படிக் கூப்பிட்டால் அது நல்லதுக்கில்லை என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டா. வெள்ளிக்கிழமை கணவர் வந்ததும் அவரிடமும் சொன்னேன்.

“உமக்கு அவளின்ர யோசினை. நித்திரைக் கலக்கத்தில கேட்டிருக்கும்” என்றார்.

நானும் அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன், பகலில். இரவில் வேறு மாதிரித் தோன்றியது. அந்தப் பக்கத்துச் செய்தி ஒன்றும் ஒழுங்காக வராத காலம். தங்கை உயிரோடு இல்லை, கடைசியாக ஒரு தரம் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள், அவளுக்கு நான் நேரம் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன் என்று நினைத்து நினைத்து அழுதேன். கணக்கு ரீச்சர் அழுதேன்.

சண்டை ஓய்ந்து பாதை திறந்ததும் முதல் கிழமையிலேயே வெளிக்கிட்டுவிட்டேன். ஓமந்தைச் சோதனைச்சாவடியில் வரிசையில் நின்று, பையைக் கொட்டிக் காட்டி, அப்பால் பஸ் பிடித்து, பரந்தனில் இறங்கிக் கண்டாவளைக்கு ஒரு உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிப் போனேன். வதனா வாசல் படலையடியில் நின்றாள். மெலிந்து கறுத்து, ஆனால் அவளேதான். ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

மோடத்தில் கேட்ட குரலைப் பற்றி நான் ஒரு சொல் எடுக்கவில்லை. தேநீர் குடித்துக்கொண்டு இருக்கும்போது அவளாகத்தான் தொடங்கினாள். மார்கழியில், மழைக்குள், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் செல்வராணி என்ற பெண்ணுக்குப் பிள்ளைப்பேறு பார்க்கப் போனாளாம். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம், கொஞ்ச வயல், தறப்பாள் கூரை. பிள்ளை மூச்சில்லாமல் நீலமாகப் பிறந்ததாம். இவள் வாயால் ஊதி, முதுகைத் தேய்த்து, கைவிடாமல் நின்று அழ வைத்திருக்கிறாள். இதைக் கேட்கும்போது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது, என்ன இருந்தாலும் என் தங்கை. பிறகு தகப்பன் வெளியே நின்றபடி பிறந்த நேரம் கேட்டிருக்கிறார், சாதகம் எழுத வேண்டுமாம். இவளின் கைக்கடிகாரம் நின்று பல மாதம், அந்தப் பக்கத்துக்கு ஆமி பற்றரியே விடாத காலம் அது. அந்த வீட்டில் இருந்ததும் சைக்கிளை மிதித்தால் டைனமோவில் பாடுகிற ஒரு றேடியோதான். அன்றைக்குச் சைக்கிள் வெளியே மழையில் சாய்ந்து கிடந்தது.

“நான் பகிடிக்குத்தான் கேட்டனான், அக்கா என்ன நேரம் எண்டு. நீங்கள் நிண்டால் செக்கனோட சொல்லுவீங்கள் எண்டு நினைச்சன். றேடியோவுக்குள்ள நீங்கள் சொன்னீங்கள்.”

“என்ன நேரம் சொன்னனான்?”

“மூண்டு இருபத்தேழு. திருப்பியும் கேட்டனான், திருப்பியும் சொன்னீங்கள்.”

என் பக்கத்துக் கதையை அப்போதுதான் சொன்னேன். அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருக்கும் பயமாகவும் இருந்தது, சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்கிறேன், பெருமையாகவும் இருந்தது. பாதை பூட்டியிருந்த காலத்தில் ஒரு பிள்ளையின் பிறப்புக்கு ஒருத்தி மூச்சுக் கொடுத்தாள், மற்றவள் நேரம் கொடுத்தாள் என்று.

அடுத்த நாள் காலை பிள்ளையைப் பார்க்கப் போனோம். வதனா வாய்க்காலடியில் யாரோடோ கதைத்துக்கொண்டு பின்தங்கிவிட்டாள், நான் முன்னுக்குப் போய்ப் படலையில் நின்று, வீட்டில் ஆர் இருக்கிறீங்கள் என்று குரல் கொடுத்தேன். உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. செல்வராணி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்து என்னையே பார்த்தாள். நான் ஆரென்று அவளுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

“நீங்கதானே நேரம் சொன்னீங்க” என்றாள்.

ஓம் என்றேன், வேறென்ன சொல்வது. கதிரை எடுத்துப் போட்டாள், பிள்ளையை என் மடியில் தந்தாள். நல்ல கொழுத்த பெண் பிள்ளை, என் விரலைப் பிடித்த பிடியை விடவில்லை. செல்வராணி பக்கத்தில் குந்தியிருந்து, ஊர் நலம் விசாரிக்கிறவள் மாதிரி மெல்லக் கேட்டாள்.

“அன்னைக்கு உங்க பக்கத்துல நின்ன ஐயா நல்லா இருக்காரா?”

எந்த ஐயா என்றேன்.

“நீங்க நேரம் சொல்லச் சொல்ல, ஒரு வயசான ஐயா மெதுவா அதையே சொல்லிக்கிட்டு இருந்தாரே. எழுதிக்கிறவங்க சொல்லிச் சொல்லி எழுதுவாங்கல்ல, அந்த மாதிரி.”

வதனாவுக்கு அப்படி ஒன்றும் கேட்டிருக்கவில்லை. எனக்கும் கேட்கவில்லை. என் கணவர் அன்றைக்கு மன்னாரில், அவருக்கு அப்படி வயதும் இல்லை. வீட்டில் என்னைத் தவிர ஒருவரும் இருக்கவில்லை, கதவு உள்ளால் பூட்டியிருந்தது.

இப்போது எங்கள் வீட்டில் இருக்கும் கணினி தன் நேரத்தைத் தானே திருத்திக்கொள்கிறது, ஒருவரும் அதைக் கவனிப்பதுமில்லை. ஆனால் வீட்டில் தனியாக இருக்கும்போது யாராவது படலையில் நின்று நேரம் கேட்டால், நான் வாயால் சொல்வதில்லை. வெளியே போய்க் கையைத் திருப்பி மணிக்கூட்டைக் காட்டுகிறேன்.